மறுக்கக் கூடாத மருமகள்

சுவா
ஜனவரி 24

அன்புள்ள கெலேரா அண்ணிக்கு,

உனைசி எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே சுகம்தான். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்குகிறவள்தான் உங்கள் பொறுப்பு. என் மகள் தித்திலியாவை ஒரு வருடம் நீங்கள்தான் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் அப்பா அமைதிப் படையோடு லெபனானில் காவலுக்குப் போய்விட்டார். எனக்கு ஆஸ்பத்திரியில் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. எங்கள் குடியிருப்புச் சுவரெல்லாம் பூசணம், அதை இழுத்து இழுத்துத்தான் போன வருடம் இரைப்பு முற்றி வார்டில் போய்ப் படுத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுப் போகவும் மனசில்லை.

அவள் பையில் இரண்டு இன்ஹேலர் இருக்கிறது. பழுப்பு நிறத்தது காலையும் மாலையும். நன்றாக இருந்தாலும் இழுக்க வேண்டும், அதுதான் முக்கியம். நீல நிறத்தது மூச்சு இறுகும்போது மட்டும். நீலம் இழுத்தவுடன் சுகம் தெரியும், அதனால் எல்லோருக்கும் அதன்மேல்தான் பிரியம். பழுப்பு எதுவுமே செய்யாதது போல இருக்கும். ஆனால் நெஞ்சுக்குள் வீங்காமல் காப்பது அதுதான். பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் அதையும் ஒரே டப்பாவில் போட்டு வையுங்கள். மருந்தை இழுத்ததும் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கட்டும். மூச்சு கிளினிக்கில் ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் நானே சொல்ல முடிந்தால் உங்களை இப்படிப் படுத்த மாட்டேன். பெரியவர்களான பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்று நம் ஊரில் வைத்துவிட்டார்கள். உங்கள் வாய் வழியாகத்தான் நான் அவரிடம் பேச வேண்டும். வாசித்துக் காட்டுங்கள். நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

இருவருக்கும் என் அன்பு.
உனைசி

*

தெலைவுனா, கண்டாவு தீவு
பிப்ரவரி 13

பட்டணத்து நாத்தனார் மகாராணிக்கு,

மூச்சு, இன்ஹேலர், பிரஷ், டப்பா! உன் கடிதத்தை வாசித்து எனக்கே இரைக்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சுகம். முட்டி என் பேச்சைக் கேட்பதில்லை, உன் அண்ணனைப் போலவே.

உன் மகள் கரையில் கால் வைத்ததும் என்ன செய்தாள் தெரியுமா? ஊர்ப்பேச்சாளர் தோமாசி பெரியவரின் சேவலைக் கேட்டாள். அந்த மனுஷன் தன் பெண்டாட்டியைக் கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. முகம் விழுந்துபோனது. ஆனாலும் வாயெல்லாம் பல்லாக, "எடுத்துக்கோ தாயி, இங்க இருக்கிறதெல்லாம் உன்னுதுதானே" என்றார். வேறு என்ன சொல்வார்? தங்கை மகள் என்றால் இந்த ஊருக்கே மருமகள். தாய்மாமன் ஊரில் அவள் கேட்டதை எவனும் இல்லை என்று சொல்ல முடியாது. இப்போது சேவல் எங்கள் வீட்டில் கூவுகிறது, பெரியவர் தினமும் வேலியோரம் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அதற்கப்புறம் அன்னாசி, அதற்கப்புறம் ஒரு துடுப்பு, அதற்கப்புறம் என் புதுப் பாய். உன் அண்ணன் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப வருஷமாகிறது. பிள்ளை கறுத்து, கொழுத்து, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறாள். உன் குடும்பத்து மூக்குதான் அவளுக்கும், பாவம்.

மருந்தைப் பற்றிக் கவலைப்படாதே. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

கிழங்கு அனுப்பியிருக்கிறேன். கடை ரொட்டியையே தின்று இளைத்துப்போகாதே.
கெலேரா

*

சுவா
பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கிழங்கு வந்தது, வார்டு நர்ஸுகள் எல்லோரும் உங்களை வாழ்த்தினார்கள். சேவல் கதையை வாசித்துச் சிரித்தேன். கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மருந்து பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெட்டியில் இருக்க வேண்டிய பொருள் இல்லை, அண்ணி. அவள் நெஞ்சுக்குள் இருக்க வேண்டியது. அவள் இழுக்கிறாளா? காலையும் மாலையும் உங்கள் கண் முன்னால் இழுக்கிறாளா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் போதும்.

போன வாரம் ஒரு பஸ் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். ரக்பி ஆடிய உடம்பு, கதவுக்குள் நுழையவே திரும்ப வேண்டும். அவருக்கு நானே கிளினிக்கில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "நல்லாத்தானே சிஸ்டர் இருந்தேன், அதான் வுட்டுட்டேன்" என்று சொல்ல வந்தார், பாதிச் சொல்லுக்கு மேல் வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார். அவருக்கு ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருந்தது.

உங்களுக்கு நர்ஸ் இருப்பது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புடன்,
உனைசி

*

தெலைவுனா
மார்ச் 21

அன்பு உனைசிக்கு,

எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இரு. பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கோயில் கூரைக்குத் தகரம் வந்து இறங்கியது, பெண்கள் எல்லோரும் சமையலில் மாட்டிக்கொண்டோம். பிறகு பாதிரியார் வீட்டுக்குப் பாய் முடைந்தோம். போன கப்பலுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், யாரோ கூப்பிட்டார்கள்.

தித்தி பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். முன்வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். சில நாள் பாடுகிறாள், சில நாள் வாயை மட்டும் அசைக்கிறாள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னாள். சேவல் நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன், உன்னை விசாரித்தார்.

நீ கேட்டதற்குப் பதில், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ உன் உடம்பைப் பார்.

கெலேரா

மறந்துவிட்டேன். அடுத்த கப்பலில் நீல நிறத்தது இன்னொன்று அனுப்பி வை. இருப்பது லேசாகிவிட்டது.

*

சுவா
மார்ச் 27

அண்ணிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமையில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் நீலம் கேட்டீர்கள். பழுப்பு கேட்கவில்லை. உங்களுக்கு இது சாதாரண வரி. எனக்கு அப்படியில்லை. பழுப்பை ஒழுங்காக இழுத்திருந்தால் இந்நேரம் அது தீர்ந்திருக்கும், நீலம் மிஞ்சியிருக்கும். அங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது. பாட்டு வகுப்பில் அவள் வாயை அசைப்பது விளையாட்டில்லை. பாட மூச்சு இல்லை.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்னால் நடந்ததை யாரும் உங்களுக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணன் அதைப் பேசுவதில்லை. நான் சொல்கிறேன். எங்கள் தங்கை வசிதிக்குப் பதினாலு வயது. இதே இரைப்பு. அன்றைக்கு இந்தப் பழுப்பு மருந்தெல்லாம் நம் தீவுக்கு வந்திருக்கவில்லை. அண்ணன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நர்ஸ் இருந்த ஊருக்கு ஓடினார். நான் தண்ணீர்ப் புட்டியோடு பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் அவள் நெஞ்சு விசிலடித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றது. "சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சு!" என்று நான்தான் கத்தினேன். அண்ணன் சிரித்தார். இன்னும் வேகமாக ஓடினார். சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்று போகவும் வரவும் வழியில்லாமல் அடைத்துக்கொண்டாலும் சத்தம் நின்றுவிடும். அதை நான் நர்ஸ் படிப்பில்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் நர்ஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் முதுகில் இருந்தது வசிதி இல்லை.

அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. தித்தியைப் பாருங்கள், அதே முகம்.

நீலமும் அனுப்பியிருக்கிறேன், பழுப்பும் அனுப்பியிருக்கிறேன். என்ன நடக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உனைசி

*

தெலைவுனா
ஏப்ரல் 3

என் நாத்தனாருக்கு,

பிள்ளை இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ மூச்சு விட்டுக்கொள்.

வந்த இரண்டாவது வாரமே அவள் பழுப்பை நிறுத்திவிட்டாள். "அது ஒண்ணுமே பண்ணல மாமி. தொண்டைதான் கரகரங்குது. எல்லாப் பசங்களும் சுத்தி நின்னு பாக்குறாங்க, நோயாளி மாதிரி. எனக்கு வேணாம்" என்றாள். நான் கெஞ்சினேன். மாம்பழம் தருகிறேன் என்றேன். ஒரு காலையில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவள் வீறிட்டாள். தோமாசி பெரியவர் வேலியோரம் சேவலைப் பார்த்துக்கொண்டு நின்றவர் உள்ளே வந்துவிட்டார்.

"ஊர் மருமக கையப் புடிக்க நீ யாரு? வேணாங்கிறா இல்ல? வாழ வந்தவ வந்த மாதிரி இரு" என்றார்.

ஊரே வாசலில் நின்றது. அன்று மத்தியானம், தப்பு செய்தவர்கள் வைக்கிற கவா வேரைக் கையில் ஏந்திக்கொண்டு போய், அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உன் அண்ணன் மீன்பிடிக்கப் போயிருந்தார். அவரிடம் யாரோ சேவலுக்காக வந்த சண்டை என்று சொல்லிவிட்டார்கள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் ஊரில் பிறந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருப்பேன். வெளியூர்க்காரி என்ன செய்வேன், சொல்.

உன் கடிதங்களை அவருக்கு வாசிக்கும்போது மருந்து வரும் இடத்தையெல்லாம் தாண்டிவிட்டேன். கிழங்கு, கப்பல், நர்ஸுகள், அதை மட்டும் வாசித்தேன். அவள் வந்தபிறகு அந்த மனுஷன் சிரிக்கிறார், உனைசி. அந்தச் சிரிப்பைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. வசிதி கதையை வாசித்தபிறகு என் தைரியமெல்லாம் போய்விட்டது. பிள்ளை படுத்தபிறகு அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறேன். விசில் சத்தம் கேட்கிறது. கேட்டால் பயமாக இருக்கிறது, கேட்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

என்ன செய்யட்டும்?
கெலேரா

*

சுவா துறைமுகம்
ஏப்ரல் 6

அண்ணி,

கோபமில்லை. அழுதுவிட்டேன், அவ்வளவுதான். உங்கள் இடத்தில் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நானே வர லீவு வாங்கிவிட்டேன். ஆனால் வடமேற்கில் புயல் திரள்கிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இந்தச் சரக்குப் படகு ஒன்றுதான் கிளம்புகிறது, ஆள் ஏற்ற மாட்டேன் என்கிறான். படகுக்காரன் கையில் இதையும் இன்னொரு நீல இன்ஹேலரையும் கொடுத்து அனுப்புகிறேன்.

இதை அண்ணனுக்கு ஒரு வரி விடாமல் வாசியுங்கள். சிரிப்பு போனால் போகட்டும்.

மூச்சு முட்டினால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் நுழையும்படி துளை போடுங்கள். பாட்டிலின் வாயை அவள் வாயில் வைத்து, நீலத்தை ஒரு தடவை அழுத்துங்கள். அவள் நிதானமாகச் சில மூச்சு இழுக்கட்டும். பிறகு மறுபடி ஒரு அழுத்து. குறையவில்லையென்றால் சிறிது பொறுத்து மறுபடியும் முதலிலிருந்து, நர்ஸ் கையில் சேரும்வரை. பயப்படாமல் கொடுங்கள். சத்தம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள். பேச வையுங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேசினால் மட்டும் சந்தோஷப்படுங்கள்.

புகை பக்கத்தில் அவளை விடாதீர்கள். படகுக்காரன் கத்துகிறான்.

உனைசி

*

சுவா
ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

எந்தப் படகு இதைக் கொண்டுவரும் என்று தெரியாமல் எழுதுகிறேன். யார் வாசிப்பார்கள், எந்த நிலையில் வாசிப்பார்கள் என்றும் தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று மண்டியிட்டு எழுதுகிறேன்.

புயல் இங்கே அடித்து ஓய்ந்த அன்று காலை, வார்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி ரேடியோ அறைப் பையன் ஓடி வந்தான். கண்டாவிலிருந்து அழைப்பு, தெலைவுனா பள்ளிக்கூடத்திலிருந்து என்றான். நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். "அண்ணி, சொல்லுங்க, ஓவர்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு ஆம்பளைக் குரல்.

"அண்ணி இல்ல. நான் இலைசா. உன் அண்ணன். ஓவர்."

இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குரலை நான் அடுத்த அறையிலிருந்து, கோயில் மறுபக்க வரிசையிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். எனக்காகப் பேசிக் கேட்டதில்லை. அந்த அலைவரிசையை எல்லாத் தீவும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவருக்கும் தெரியும். கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"ஊரே பள்ளிக்கூடத்துல அடைஞ்சு கெடக்கோம். உள்ளயே அடுப்பு. ஈரம். பிள்ளைக்கு மூச்சு முட்டிடுச்சு. கெலேரா நிமித்திப் புடிச்சிருக்கா. பாட்டில்ல குடுத்துட்டேன். திருப்பியும் குடுத்துட்டேன். கடலு பேய் மாதிரி கெடக்கு, மலைப்பாதையும் சரிஞ்சு போச்சு, நர்ஸம்மாகிட்டப் போக வழியில்ல. அடுத்து என்ன? ஓவர்."

மறுபடி கொடுங்கள் என்றேன். அடுப்பை அணைக்கச் சொன்னேன். காற்று வரும் பக்கம் உட்கார வைக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பின்னால் தோமாசி பெரியவர் யாரையோ, "அணைங்கடா அத, அணைங்க!" என்று கத்துவது கேட்டது. பிள்ளை விசிலடிப்பதும் கேட்டது. நான் வேலை செய்கிற இடத்தில் அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்கிறேன், அதை ஒரு ஊசியில் அடக்கிவிடுவேன். அன்று ரேடியோ மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டுமே முடிந்தது.

பிறகு அண்ணன் சொன்னார்: "சத்தம் நின்னுடுச்சு, தங்கச்சி. ஓவர்."

"பேச வைங்க! பேசுறாளா? ஓவர்" என்று கத்தினேன்.

பதில் வரவில்லை. ரேடியோ செத்துவிட்டது. உங்கள் பக்கம் கம்பம் விழுந்திருக்கும் என்று பையன் சொல்கிறான். அன்றிலிருந்து தினமும் அந்த அறையில் போய் உட்காருகிறேன். கடற்படைப் படகு கிளம்பும்போது சொல்லி அனுப்புகிறேன் என்கிறார்கள்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் அண்ணி. எதுவாக இருந்தாலும்.

உனைசி

*

தெலைவுனா
ஏப்ரல் 19

உனைசி,

இருக்கிறாள். இருக்கிறாள். இருக்கிறாள்.

கடற்படைப் படகு இப்போதுதான் வந்தது, உன் கடிதத்தைக் கொடுத்தார்கள், காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். வீட்டுக் கூரை போய்விட்டது, தோட்டம் போய்விட்டது, நாங்கள் எல்லோரும் சுகம்.

உன் கடைசிக் கடிதத்தைப் புயலுக்கு முந்தின நாள் அவருக்கு ஒரு வரி விடாமல் வாசித்தேன். முன்னால் தாண்டியதையும் எடுத்து வாசித்தேன். அவர் எழுந்து போய்ப் பாட்டில் தேடினார். துளையைக் கத்தியைச் சுட்டுப் போட்டார். அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

ரேடியோ நின்றதும் அவர் ஓடி வந்து பிள்ளை முன்னால் மண்டியிட்டார். சத்தமே இல்லை. என் கையில் அவள் முதுகு கல்லாக இருந்தது. "பேசு" என்றார். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். மறுபடி பாட்டிலை வைத்தார். "பேசு தாயி, எதாச்சும் பேசு." மறுபடி பாட்டில். தோமாசி பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முதலில் அந்த விசில் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், பார்த்துக்கொள். அப்புறம் மெல்ல மெல்ல அதுவும் குறைந்தது, அவள் கண்ணைத் திறந்து, "மாமா, சேவலுக்கு யாராச்சும் தீனி வெச்சாங்களா?" என்றாள்.

முழு வாக்கியம். உன் அண்ணன் தரையில் நெற்றியை வைத்து அழுதார். மறுநாள் அலை தணிந்ததும் நர்ஸம்மாவைக் கூட்டி வந்தார்கள், அவர் மாத்திரை கொடுத்தார்.

இனி நடந்ததைக் கேள். மூன்றாம் நாள் அவர் சட்டை போட்டுக்கொண்டு, ஊரைக் கூட்டி, பிள்ளையை நடுவில் பாயில் உட்கார வைத்தார். கையில் திமிங்கலப் பல். எந்தப் பல் தெரியுமா? வசிதி செத்தபோது துக்கத்துக்கு வந்தது. எங்கள் மகன் கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனபோதுகூடக் கொடுக்கவில்லை, வேறு ஒன்றைக் கடன் வாங்கினார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

"மருமகளே, நீ எதக் கேட்டும் இந்த ஊரு இல்லேன்னு சொன்னதில்ல. உன்னை அதட்ட எங்களுக்கு உரிமையும் இல்ல. இன்னிக்கு நாங்க உன்கிட்ட ஒண்ணு கேக்குறோம். காலையிலயும் சாயங்காலமும் அந்தப் பழுப்பு மருந்த இழு. நல்லா இருந்தாலும் இழு. உன் மூச்ச எங்களுக்குக் குடு. கேக்குறது அவ்வளவுதான்."

பிள்ளை எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். திமிங்கலப் பல்லைக் கையில் வாங்கினால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். தோமாசி பெரியவர் குரல் உடைந்து, "யோசிச்சு வாங்கு தாயி. வாங்கினா வாங்கினதுதான்" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. வேண்டாம் என்றால் அதற்குமேல் கேட்க எதுவுமே இல்லையே.

வாங்கினாள். முகர்ந்து முத்தமிட்டாள். ஊரே கை தட்டியது.

இப்போது காலையிலும் மாலையிலும் அவள் இழுத்து வாய் கொப்பளிக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் டீ தொடுவதில்லை. பெரியவரும் வந்து உட்காருகிறார். சேவலைப் பார்க்க அவருக்கு அது ஒரு சாக்கு.

கூரையில்லாத வீட்டிலிருந்து,
கெலேரா

*

தெலைவுனா
ஜூன் 8

தங்கை உனைசிக்கு,

இலைசா எழுதுகிறேன். அண்ணன் தங்கைக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் அண்ணியிடம் கேட்டேன். "சுகமான்னு கேளுங்க, எல்லாரும் அதத்தானே கேக்குறாங்க" என்றாள். ரேடியோவில் பேசியதற்கு ஊர்ப் பெரியவர்களிடம் கவா வைத்து முறை செய்துவிட்டேன். அப்போதே, இனியும் எழுதுவேன், பேசுவேன் என்றும் சொல்லிவிட்டேன். தோமாசி எதிர்த்துப் பேசவில்லை.

நீ இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனபிறகு தித்தி இன்னும் தெளிந்துவிட்டாள். பாட்டுக் குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்கிறது. மரம் ஏறுகிறாள். இரவில் சத்தம் இல்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் இப்போதுதான் அதிகப் பயம். நன்றாக இருக்கும்போதுதான் மருந்தை விடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய்.

நேற்று மாலை அது நடந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, எனக்குத்தான் சரியாயிடுச்சே. இன்னிக்கு வேணாமே" என்றாள்.

நான் அவளை அதட்ட முடியாது. "சரி தாயி. வேணாம்னா அந்தப் பல்லத் திருப்பிக் குடுத்துடு" என்றேன்.

உள்ளே போனாள். தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தாள். என் மடியில் வைத்தாள். எனக்கு முன்னால் இருந்த கடல் தெரியவில்லை. மலைப்பாதைதான் தெரிந்தது, முதுகில் அந்தப் பாரம். உன் அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். பழுப்பை எடுத்து நன்றாகக் குலுக்கினாள். இழுத்தாள். நீ சொல்லிக் கொடுத்தபடி மூச்சை உள்ளேயே நிறுத்தி வைத்து, பிறகு விட்டாள். பல் தேய்த்தாள், வாய் கொப்பளித்து வேலியோரம் துப்பினாள். திரும்பி வந்து என் மடியிலிருந்து திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டாள்.

"சும்மாதான் கேட்டேன் மாமா. உங்களுக்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?" என்றாள்.

இன்று காலையும் இழுத்தாள். அடுத்த கப்பலிலும் இதை மட்டும் எழுதுவேன், அதற்கடுத்த கப்பலிலும்.

தங்கச்சி, நீ சுகமா? பதிலை அண்ணிக்கு எழுதாதே. எனக்கே எழுது.

உன் அண்ணன்
இலைசா